அங்கவடியை விடுங்கள், முகத்தைப் பாருங்கள்

மன்றோ சிலையைப் பற்றிச் சென்னைக்காரர் யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது அங்கவடிக் கதைதான். குதிரைமேல் இருக்கும் துரைக்குக் கால் வைக்க அங்கவடி இல்லை, சேணமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டானாம். சிலையை நிறுத்திய பிறகு யாரோ சுட்டிக்காட்ட, அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டானாம். தீவுத்திடல் பக்கம் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனித முகங்களைக் களிமண்ணில் செய்து பிழைக்கிறவன் நான். இந்தக் கதை காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஊரின் நடுவில் இத்தனை பெரிய வெண்கல வேலை ஒன்று நிற்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிற்பியின் பெயர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி. சிலை சென்னையில் நிறுத்தப்பட்டது 1839இல். அவர் இறந்தது 1841 நவம்பர் 25 அன்று, லண்டனில், சொந்த வீட்டில், திடீரென்று வந்த இயற்கையான சாவு. அப்போது வெலிங்டன் பிரபுவின் குதிரைச் சிலை அவர் பட்டறையில் பாதி வேலையில் இருந்தது. உடன் வேலை செய்த ஹென்றி வீக்ஸ் அதை முடித்துக் கொடுத்தார். லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் எதிரே இன்றும் அந்தச் சிலை நிற்கிறது. அதிலும் அங்கவடி கிடையாது. டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் குதிரைமேல் இருக்கிறார். அதுவும் சான்ட்ரி செய்ததுதான், அதிலும் கிடையாது. மூன்று சிலையிலும் குதிரை நான்கு காலையும் தரையில் ஊன்றி அமைதியாக நிற்கிறது, மூன்றிலும் அங்கவடி இல்லை. இதற்குப் பெயர் மறதி இல்லை, தீர்மானம். சான்ட்ரி 1819இல் இத்தாலிக்குப் போய் வந்தவர். ரோமில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் பழைய வெண்கலக் குதிரைச் சிலை இருக்கிறது. ரோமானியர்களுக்கு அங்கவடியே தெரியாது, அதனால் அந்தச் சிலையிலும் இல்லை. ஐரோப்பாவில் குதிரைச் சிலை செய்ய உட்கார்ந்த எவனுக்கும் அந்தப் பழைய குதிரைதான் பாடம்.

ஆனால் நான் பேச வந்தது குதிரையைப் பற்றி இல்லை. சான்ட்ரி அடிப்படையில் முகம் செய்கிறவர். அவர் வாழ்க்கையை அறிந்துகொண்ட பிறகு, நம் ஊரில் சிலைகள் எப்படிச் செய்யப்படுகின்றன, செய்கிறவனுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரை ஒட்டிய நார்ட்டன் என்ற சிற்றூரில் 1781இல் பிறந்தவர் சான்ட்ரி. அப்பா சிறு விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் போய்விட்டார். பையன் கழுதைமேல் பால் ஏற்றிக்கொண்டு ஷெஃபீல்டுக்குப் போய் ஊற்றிவந்தான். பிறகு மளிகைக் கடையில் விட்டார்கள். அங்கே இருந்தபோதுதான் மரச் செதுக்கு வேலையும் சட்டங்களுக்குப் பொன் பூசும் வேலையும் செய்யும் ராம்சே என்பவரின் கடை ஜன்னலில் செதுக்கிய உருவங்களைப் பார்த்திருக்கிறான். மளிகை வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து 1797இல் அங்கே தொழில் பழகச் சேர்ந்தான். ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஐந்தாவது ஆண்டில், 1802இல், 50 பவுண்டு கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வந்தான். அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருந்த ஒரு பையனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

வெளியே வந்ததும் வண்ணக்கோலால் முகப்படம் எழுதிக்கொடுப்பதாக விளம்பரம் செய்தார். லண்டனில் கூலிக்கு மரம் செதுக்கினார். பின்னாளில் பெரும்புகழ் வந்த பிறகு, சாமுவேல் ராஜர்ஸ் என்ற கவிஞர் வீட்டு விருந்துக்குப் போனவர், அங்கிருந்த ஒரு மேசையைக் காட்டி, நாளுக்கு ஐந்து ஷில்லிங் கூலிக்கு இதைச் செதுக்கிய ஆள் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இதை அவர் மறைக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கைவேலைக்காரனாக இருந்தோம் என்பதைச் சொல்ல வெட்கப்படும் கலைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் பெயர் எழுந்தது 1811இல். அந்த ஆண்டு ராயல் அகாடமி கண்காட்சியில் ஹார்ன் டூக் என்ற முதிய அரசியல் கிளர்ச்சிக்காரரின் மார்பளவுச் சிலையை வைத்தார். கூடவே, தனக்குப் படம் எழுதக் கற்றுக்கொடுத்த ஜான் ராஃபேல் ஸ்மித்தின் சிலையையும் வைத்தார். ஸ்மித்துக்குக் காது கேட்காது. அந்தச் சிலையின் முகத்தில், எதிரே பேசுகிறவரின் வார்த்தையைப் பிடிக்கத் தவிக்கும் ஒரு செவிடரின் கூர்மை இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அக்காலத்தில் முகச்சிலை செய்வதில் முதல் ஆளாக இருந்த கிழவர் நொலெக்கன்ஸ் அதைப் பார்த்துவிட்டு, தன் சிலை ஒன்றை நகர்த்தச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் இதை வைக்கச் செய்தாராம். அந்த ஒரு கண்காட்சியால் சான்ட்ரிக்கு 12,000 பவுண்டு மதிப்புள்ள வேலைகள் வந்தன என்பார்கள்.

செவிடரின் முகம் என்றேனே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூக்கு நீளம், நெற்றி அகலம், தாடையின் வளைவு இவற்றையெல்லாம் அளவுகோல் வைத்தே எடுத்துவிடலாம். காது கேளாமையைச் சிலையில் எங்கே வைப்பது? கழுத்து ஒரு பக்கம் அரை விரல்கடை திரும்பும். புருவம் ஒன்று கொஞ்சம் ஏறும். உதடு லேசாகப் பிரியும். இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எதிரே ஆள் உட்கார வேண்டும், பேச வேண்டும், நாம் அவரைப் பிடித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சான்ட்ரியின் வேலைமுறை அப்படித்தான் இருந்தது. சிலைக்கு உட்கார வருகிறவரைக் காலையிலேயே அழைத்து, தன்னோடு சிற்றுண்டி சாப்பிட வைப்பார். பேச்சு நடக்கும். பிறகு கேமரா லூசிடா என்ற பட்டகக் கருவியை வைத்து, நேர் முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, நிஜ அளவிலேயே கோடுகளாக எடுத்துக்கொள்வார். அந்தப் பென்சில் படங்கள் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை வைத்து உதவியாளர்கள் களிமண்ணைக் கம்பிக்கூட்டின்மேல் ஏற்றி வைப்பார்கள். அடுத்தடுத்த அமர்வுகளில் அவர் கைவைத்து உயிர் கொடுப்பார். வால்டர் ஸ்காட்டுக்குச் சிலை செய்தபோது முதலில் பெரிய எழுத்தாளருக்குரிய கம்பீரமான முகத்தில்தான் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் ஸ்காட் கதை சொல்லும்போது அந்த முகம் வேறாக இருப்பதைக் கண்டதும் பழையதை விட்டுவிட்டு, பேச்சின் நடுவில் இருக்கும் ஸ்காட்டைச் செய்தார். 1820இல் செய்த அந்தச் சிலைதான் ஸ்காட் என்றதும் பலர் மனத்தில் வரும் முகம். மூன்றாம் ஜார்ஜ், நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம், விக்டோரியா ராணி என்று நான்கு முடிமன்னர்களின் முகங்களை அவர் செய்தார். 1835இல் சர் பட்டம் வந்தது. எனக்கு அவர்களைவிட அந்தச் செவிட்டு ஓவியர்தான் பெரிது.

எங்களிடம் வேலை வரும் விதத்தை இப்போது சொல்கிறேன். விழாக்குழு என்று நான்கைந்து பேர் வருவார்கள். கைப்பேசியில் ஒரு படம், அதுவும் யாரோ அனுப்பியது, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலிருந்து வெட்டியது. பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டால் முழிப்பார்கள். தேதி முன்னாலேயே முடிவாகியிருக்கும், திறந்துவைக்கிறவரின் நேரம் வாங்கியாகிவிட்டது. களிமண் காய்வதற்குக்கூட அவகாசம் இல்லாமல், பிளாஸ்டர் அச்சு எடுத்து, ஃபைபரில் ஊற்றி, மேலே வெண்கல வண்ணமோ பொன் வண்ணமோ அடித்து ஏற்றி அனுப்ப வேண்டும். தலைவர்களின் சிலைகள் எல்லாம் ஒரே உடம்பில் வேறு வேறு தலை பொருத்தியதுபோல இருப்பதைப் பார்த்து மக்கள் சிரிக்கிறார்கள். சிற்பிக்குத் தொழில் தெரியவில்லை என்கிறார்கள். அவனுக்குத் தெரியும். பார்க்க விடவில்லை.

இறந்துபோனவருக்குச் சிலை என்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் அதுதானே. சான்ட்ரிக்கும் அதுதான் நேர்ந்தது. தாமஸ் மன்றோ 1780இல் சென்னைக்கு வந்த படைவீரர். பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில், நிலவரி வேலை பார்த்தவர். விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையோடு சேர்த்தே சொல்லப்படும் பெயர். 1820 முதல் சென்னை ஆளுநர். 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சிலைக்கு ஏற்பாடு நடந்தது அதற்குப் பிறகு. காலையில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வழியே இல்லை. சிலை நிற்கப்போகும் ஊரையும் சான்ட்ரி பார்த்ததில்லை. பாஸ்டன் நகரில் இருக்கும் அவருடைய ஜார்ஜ் வாஷிங்டன் சிலையும் வாஷிங்டன் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு செய்ததுதான். திருச்சியில் 1826இல் இறந்த ஹீபர் ஆயரின் நினைவுச் சிற்பம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது. சாலையில் போகிறவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், அதுவும் சான்ட்ரியின் கைதான்.

இறந்தவரைச் செய்யும்போது சிற்பி யாரை நம்ப வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. லிச்ஃபீல்டு கதீட்ரலில் தூங்கும் இரண்டு சிறுமிகளின் பளிங்குச் சிலை உண்டு. 1817இல் செய்தது. கணவனை இழந்து, அடுத்தடுத்து இரண்டு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்த எலன் ராபின்சன் என்ற தாய் அதைக் கேட்டார். இரவில் பிள்ளைகள் எப்படிக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் சான்ட்ரி செய்தார். மூத்தவளின் தோளில் இளையவள் முகம் புதைந்திருக்கும். இளையவள் கையில் பனித்துளிப் பூங்கொத்து. அதைக் கண்காட்சியில் வைத்தபோது அதன் முன்னால் தாய்மார்கள் அழுதுகொண்டு நின்றார்கள். தேவதை இல்லை, சிறகு இல்லை, வானத்தைக் காட்டும் விரல் இல்லை. தூங்குகிற இரண்டு பிள்ளைகள் மட்டும்.

விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்டிய ஒரு பெரியவருக்கு நான் சிலை செய்தேன். களிமண் வேலை முடிந்த நேரம் அவர் மனைவி பட்டறைக்கு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏதாவது மாத்தணுமாம்மா?” என்று கேட்டேன்.

“மூஞ்சி அவருதாங்க ஐயா. ஆனா அவரு இப்படி நேரா நிக்கவே மாட்டாரு. எடது தோளு எறங்கியிருக்கும். சின்ன வயசுல ஏத்தம் எறைச்ச ஒடம்பு.”

நான் உள்ளே இருந்த கம்பியை வளைத்து, மண்ணை வெட்டி, தோளை இறக்கினேன். இறக்கியதும் கழுத்து மாறியது. கழுத்து மாறியதும் முகமே மாறியது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுவாரம் வந்த குழுவினருக்கு அது பிடிக்கவில்லை. தலைவர்னா நெஞ்சை நிமிர்த்தி நிக்க வேணாமா என்றார்கள். அந்த அம்மாதான் அவர்களோடு வாதாடி ஜெயித்தார். அந்த ஊரில் அந்தப் பெரியவர் இன்றும் இடது தோளை இறக்கிக்கொண்டுதான் நிற்கிறார். பீடத்துக் கல்வெட்டில் திறந்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர், நன்கொடை தந்தவர் என்று இருபதுக்கு மேல் பெயர்கள். செய்தவன் பெயருக்கு இடம் இல்லை.

நான் என் பெயருக்காக மட்டும் அழவில்லை. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் அதைச் செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929இல் தலைமை ஏற்ற முதல் இந்தியர், எங்கள் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அதே கடற்கரையில் நடந்துவரும் காந்தியும் அவர் செய்ததுதான். இரண்டும் 1959இல் திறக்கப்பட்டவை. அவர் பெயரைச் சொல்லும் சென்னைக்காரர்களைவிட, மன்றோ சிலையில் அங்கவடி இல்லை என்று சொல்கிறவர்கள் பல மடங்கு அதிகம்.

இந்த இடத்தில் சான்ட்ரியின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய பட்டறை பெரியது. ஆலன் கன்னிங்ஹாம் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர், கல்தச்சராக இருந்து வந்தவர், 1814 முதல் சான்ட்ரி சாகும்வரை அங்கே மேற்பார்வை பார்த்தார். களிமண்ணில் செய்ததைப் பிளாஸ்டரில் எடுத்து, புள்ளி எடுக்கும் கருவியால் அளந்து, பளிங்கில் வெட்டி இறக்கியது பெரும்பாலும் கூலிக்காரக் கைகள். கடைசித் தோலை மட்டும் சான்ட்ரி தொட்டிருப்பார். வெண்கலத்துக்குச் சொந்தமாகவே வார்ப்படச் சாலை வைத்திருந்தார். அங்கே உலையில் நின்றவர்கள் யார்? சிலைகளின் மேல் இருப்பது ஒரே ஒரு பெயர். நாளுக்கு ஐந்து ஷில்லிங் வாங்கிய தன் பழைய நாளை விருந்தில் சொன்ன மனிதர், தன்னிடம் கூலி வாங்கியவர்களின் பெயர்களையும் கல்லில் வெட்டியிருக்கலாம். அக்கால வழக்கம் அதுவென்று சொல்லி அவரை நான் விட்டுவிடத் தயாராக இல்லை. ஏனென்றால் நாமும் இன்று அதே வழக்கத்தைச் சொல்லித்தான் தப்பிக்கிறோம். என் பட்டறையில் அச்சு எடுக்கிற தம்பியும், மெழுகு வார்ப்பில் எனக்கு உதவுகிற குடும்பமும் இல்லாமல் ஒரு காதுகூட வெளியே வராது.

ஒரு விஷயத்தில் அவர்கள் செய்ததை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சான்ட்ரி இறந்த பிறகு அவர் மனைவி, பட்டறையில் இருந்த பிளாஸ்டர் மூலங்களை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். சிற்பியின் விரல் நேராகத் தொட்ட களிமண்ணுக்கு அடுத்த பிரதி அந்தப் பிளாஸ்டர்தான். அவருடைய வேலைக் கணக்குப் பேரேடு ராயல் அகாடமியில் இருக்கிறது. யார் கேட்டது, எந்தச் சிலை, என்ன தொகை என்று அதில் பார்க்கலாம். தன் சொத்தை, மனைவியின் காலத்துக்குப் பிறகு, பிரிட்டனில் செய்யப்படும் நல்ல ஓவியங்களையும் சிற்பங்களையும் மக்களுக்காக வாங்கும் நிதியாக எழுதிவைத்தார். அவர் மனைவி 1875இல் இறந்தார். அதிலிருந்து அந்தப் பணத்தில் வாங்கியவை லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கின்றன. கழுதைமேல் பால் ஊற்றிய பையன் சம்பாதித்த பணம். நம் பட்டறைகளில் இடம் இல்லாமல் அச்சுகளை உடைத்துக் குப்பையில் கொட்டுகிறோம். நாளைக்குச் சிலையின் மூக்கு உடைந்தால் ஒட்டிச் சரிசெய்ய மூலம் எங்கே?

மன்றோ சிலை அங்கே இருக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கத்தான் வேண்டும், அவர் நம்மை ஆண்ட கம்பெனியின் ஆள். 1857இல் படுகொலைகள் செய்த நீல் துரையின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எதிர்த்து 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் காங்கிரஸ் அமைச்சரவை வந்ததும் சிலையை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். சரியான செயல். மன்றோவைப் பற்றி ஊர் என்ன முடிவு செய்தாலும், முடிவு செய்கிறவர்கள் அந்த ஆளின் வரலாற்றைப் படித்துவிட்டு, அந்த வெண்கலத்தை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுச் செய்யட்டும். நெற்றியின் விரிவைப் பாருங்கள். தளர்வாக, இறுக்காமல் கடிவாளம் பிடித்த கையைப் பாருங்கள். குதிரையின் கழுத்து நரம்பைப் பாருங்கள். எதிரே உட்காராத ஒரு மனிதனை, போகாத ஒரு ஊருக்காக, ஒருவர் பத்தாண்டு மனத்தில் சுமந்து செய்திருக்கிறார்.

அரசிடமும் விழாக்குழுக்களிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பொது இடத்தில் வைக்கும் ஒவ்வொரு சிலையின் பீடத்திலும் சிற்பி, அச்சு எடுத்தவர், வார்த்தவர் பெயர்கள் வெட்டப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் களிமண் வேலைக்கென்று தனியாக மாதக்கணக்கில் காலம் ஒதுக்க வேண்டும். அந்தக் கட்டத்திலேயே, திறந்துவைக்கிறவரின் தேதி குறிக்கும் முன்னால், மறைந்தவரோடு வாழ்ந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். மனைவி, பிள்ளை, பழைய மாணவர், கூட வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும் சரி. பிளாஸ்டர் மூலத்தை மாவட்ட அருங்காட்சியகம் வாங்கி வைக்க வேண்டும். தலைகளை மட்டும் வைத்தால்கூட ஒரு அறை போதும். இப்போது நிற்கும் சிலைகளுக்கு யார் யார் செய்தார்கள் என்ற பட்டியலை, அந்தச் சிற்பிகளும் அவர்கள் பட்டறை ஆட்களும் உயிரோடு இருக்கும்போதே, கவின் கலைக் கல்லூரி மாணவர்களை அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லலாம். கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் மாமல்லபுரத்துக்கும் அவர்கள் முதலில் போகட்டும்.